குடியிருக்கத் தகாத வீடு

தள்ளி உட்காரும். இன்னும் கொஞ்சம். எனக்கு ஒரு கால் மடங்காது.

வாத்தியாரா? முகத்திலேயே எழுதியிருக்கிறது. முதல் பென்ஷனா? சரி. கூப்பிடுவான். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பல் குத்தி முடித்துத்தான் கூப்பிடுவான். கஜானா என்றால் அப்படித்தான்.

அந்தப் போலீஸ்காரனை ஏன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்? உமக்காக இல்லை. எனக்காக நிற்கிறான். காலையில் இங்கே வாசலில் நின்ற சேவகனின் மண்டையில் ஒரு போடு போட்டேன். இந்தக் கம்பால்தான். பூண் வெள்ளி. ரத்தம் வந்தது. வரவில்லை என்று நான் சொல்லவில்லையே. "பெரிசு, வரிசையில வாரும்" என்றான். யாரைப் பார்த்து? உப்பு இலாகாவில் வெள்ளைக்காரன் காலத்து இன்ஸ்பெக்டரைப் பார்த்து. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தையல் போடுவார்கள். போடட்டும். அடுத்த தடவை "ஐயா" என்பான்.

ஞானசிகாமணி என்றால் இந்தக் கடற்கரை நெடுக உப்பளக்காரன் எவனும் எழுந்து நிற்பான். உப்புத் திருடினவனை நான் கோர்ட்டுக்கு அனுப்பினதே கிடையாது. கோர்ட்டுக்கு ஏது நேரம்? முதுகில் பிரம்பு. அப்புறம் பாத்தித் தண்ணீரில் மல்லாத்திப் போடுவேன். புண்ணில் உப்பு ஏறும்போது ஒருவன் போடுகிற சத்தம் இருக்கிறதே, அதற்கு அப்புறம் அந்த ஊரில் திருட்டே இருக்காது. சர்க்காருக்குச் செலவும் இல்லை.

இப்போது என்னிடம் கேட்கிறார்கள், நீர் யார் என்று.

சிரிக்காதேயும். விஷயம் அதுதான். உள்ளே ஒரு பயல் புது அதிகாரியாக வந்திருக்கிறான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பங்குனியிலிருந்து என் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறான். "கையெழுத்து சேரலையே ஐயா" என்கிறான். கை நடுங்குகிறது. எப்படிச் சேரும்? "கைரேகை வச்சிருக்கீங்களா?" வைக்கவில்லை. ரிட்டயர் ஆன அன்று மையைத் தடவி நீட்டினான் ஒரு குமாஸ்தா. கன்னத்தில் ஒன்று விட்டேன், மை அவன் சட்டையெல்லாம் கொட்டியது. நான் என்ன கைநாட்டுப் பேர்வழியா? இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவன். கையெழுத்து மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள். "அப்ப அடையாளத்தைக் காட்டுங்க" என்கிறான் இந்தப் பயல். பென்ஷன் தாளில் போட்டிருக்கிறது: நெற்றியில் இடது பக்கம் வெட்டுத் தழும்பு. தலைப்பாகையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்க்கிறான். விரலால் தடவிப் பார்க்கிறான். "இதுல எது தழும்பு, எது சுருக்கம்னு பிடிபடலையே!"

இந்தா, நீரே பாரும். இங்கே. வெளிச்சத்தில் பாரும். தெரிகிறதா?

பொய் சொல்லாதேயும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லும்.

இந்தப் பணம் இல்லாவிட்டால் எனக்கு வேறு வழி கிடையாது, அதுவும் கேட்டுக்கொள்ளும். மகள் வீட்டுச் சோறு. பணம் வந்தவரைக்கும் தட்டை வைப்பாள். இப்போது தட்டைப் போடுகிறாள். வைக்கிற சத்தம் வேறு, போடுகிற சத்தம் வேறு. மருமகன் நேற்று என் கட்டிலைக் கொண்டுபோய் மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போட்டுவிட்டான். கம்பைத் தூக்கினேன். கம்பைப் பிடுங்கி மூலையில் எறிந்தான். என் கையிலிருந்து! பணம் வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

அந்தப் பயல் கடைசியாக ஒரு வழி சொன்னான். உத்தியோகக் காலத்தில் என்னைத் தெரிந்த ஆள் ஒருவர் வந்து, இவர்தான் அவர் என்று சொன்னால் போதுமாம். கர்ணத்தைக் கேட்கலாம் என்றால் அவனைப் போன வருஷம்தான் செருப்பால் அடித்தேன். பாதிரியார் மேல் சர்ச்சுத் தென்னந்தோப்பு வழக்குப் போட்டிருக்கிறேன். கூட வேலை பார்த்தவன் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டான். மிச்சம் இருப்பது ஒருத்தி. முப்பிடாதி என்று பேர். மருமகன் கூட்டிக்கொண்டுவரப் போயிருக்கிறான். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவாள்.

யாரா? என் பியூன் உச்சிமாகாளியின் பெண்டாட்டி. இந்தத் தழும்பே அவள் போட்டதுதான். அவளைவிட நல்ல சாட்சி உண்டா?

ஏன் வாயைப் பிளக்கிறீர்? சொல்லுகிறேன். குறுக்கே பேசாதேயும்.

முதலில் ஷரத்துத் தெரிய வேண்டும். நீர் பென்ஷன் வாங்க வந்திருக்கிறீர், ஷரத்துப் படித்தீரா? இல்லை. வாத்தியார் எதைப் படித்தான்! எனக்கு எல்லாம் மனப்பாடம். பென்ஷன் உரிமை இல்லை, சர்க்கார் பார்த்துக் கொடுப்பது. ஊழியம் திருப்தி என்று மேலே இருப்பவன் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வெட்டுவான். கொடுத்த பிறகும் அவன் கையில்தான் பிடி. வாங்குகிறவன் சாகிறவரை ஒழுங்காக இருக்க வேண்டும். பெரிய குற்றத்தில் தண்டனை வாங்கினால் அத்தனையும் நிறுத்திவிடலாம். அது ஒரு ஷரத்து. நல்ல ஷரத்து. கண்ட கழுதையெல்லாம் சர்க்கார் சோறு தின்னக்கூடாது இல்லையா?

இனி வீட்டு விஷயம். சிறுதுறை உப்பளத்தில் எனக்குச் சர்க்கார் வீடு உண்டு. ஓட்டு வீடு. வீடு இருந்தால் வாடகைப் படி கிடையாது. அதில்தான் இருந்தாக வேண்டும். வீடு குடியிருக்கத் தகாதது என்று மராமத்து ஓவர்சியர் எழுதிக் கொடுத்தால் படி உண்டு, எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சிறுதுறையில் எவன் இருப்பான்? குடிக்கத் தண்ணீர் இல்லை, கடை இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம் உப்பு, பார்த்தால் கண் கூசும். என் வீட்டுக்காரி டவுனில்தான் இருப்பேன் என்றாள். கன்னத்தில் வாங்கினாள். வாங்கிக்கொண்டும் டவுன் என்றாள். டவுனுக்கே போனோம்.

எப்படிப் போனோம் என்று கேளும். உப்பு இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எனக்கு முன்னால் இருந்தவன் எனக்குச் சொன்னான், அவனுக்கு அவன் முன்னால் இருந்தவன் சொன்னான். தினம் சாயங்காலம் சுவரின் அடியில் பாத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பாகப் போகிற தண்ணீர், கஞ்சி மாதிரி கனத்துக் கிடக்குமே, அது. சுவர் குடிக்கும். குடித்துக் குடித்து உள்ளுக்குள் உப்புப் பூக்கும். வெளியே பார்த்தால் வீடு நிற்கும். ஓவர்சியர் வருஷத்துக்கு ஒரு தரம் வருவான், கம்பால் தட்டுவான், சுவர் மாவாகக் கொட்டும். தகாதது என்று எழுதுவான். ஒரு கூடை கருவாடு வாங்கிக்கொண்டு போவான். யாருக்கு நஷ்டம்?

தண்ணீர் ஊற்றுவது உச்சிமாகாளி. பியூன் என்றால் கீழ்நிலை ஊழியம். அவனுக்கு வீடும் கிடையாது, படியும் கிடையாது. ஓலைக் கொட்டகையில் கிடந்தான். புயலில் கொட்டகை போய்விட்டது. என் வீடு சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு இருந்துகொள் என்றேன். வாடகை கேட்டேனா? ஒரு காசு கேட்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் மட்டும் தவறக்கூடாது என்றேன். அவ்வளவுதான்.

ஊற்றினான். ஒழுங்காக ஊற்றினான். ஒரு நாள் வந்து தலையைச் சொறிந்தான். "ஐயா, சுவரு ராத்திரியெல்லாம் பொலபொலன்னு உதிருது. அவளுக்கு மாசமாயிருக்கு. தண்ணிய கொஞ்ச நாள் நிப்பாட்டட்டுமா?"

"நீ தண்ணிய நிப்பாட்டினா நான் உன்னை நிப்பாட்டுவேம்லே" என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான். நல்ல பையன். அடித்தால் மறுநாள் வந்து முதல் ஆளாகக் கும்பிடுவான்.

அந்த வருஷம் பழைய ஓவர்சியர் மாறிவிட்டான். புதுசாக வந்தவன் கருவாடு வாங்காத ஆள். அப்படிப்பட்ட ஆட்களோடு ஒன்றும் செய்ய முடியாது. நேரே உள்ளே போனான். அடுப்புப் புகைகிறது, உத்திரத்தில் தொட்டில் தொங்குகிறது. வெளியே வந்து என்னைப் பார்க்கிறான்.

"குடியிருக்கத் தகாததுன்னு வருஷா வருஷம் எழுதி வாங்கியிருக்கீங்க. உள்ளே மனுஷங்க குடியிருக்காங்களே?"

"மனுஷங்க யாரும் இல்லையே. பியூன்தான்" என்றேன்.

சிரித்தான் பாரும். ஏன் சிரித்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"நாளைக்குக் காலையில என்ஜினீயர் துரை நேர்ல வந்து பார்ப்பார். அவர்கிட்டச் சொல்லுங்க" என்று சைக்கிளில் ஏறிவிட்டான்.

துரை வந்து பார்த்தால் என்ன ஆகும்? ஆள் இருக்கிற வீட்டைக் காட்டிப் படி வாங்கினான் என்பான். மோசடி என்பான். வாங்கினதையெல்லாம் பிடிப்பான். பென்ஷனில் கை வைப்பான். முப்பது வருஷத்து உழைப்பு, ஒரு தொட்டிலில் போய்விடும். விடலாமா?

வெயில் தாழ்வதற்குள் நான் அங்கே போய்விட்டேன். "காலி பண்ணுலே. இப்பவே. சாமான் ஒண்ணு இருக்கக்கூடாது. சுவரையும் ரெண்டு இடத்துல இடிச்சுப் போடு" என்றேன்.

உச்சிமாகாளி காலில் விழுந்தான். "பிள்ளை பெத்த பச்சை உடம்பு ஐயா. காய்ச்சல் அடிக்குது. கடல் காத்து பட்டா செத்துப் போவா. விடியட்டும். விடிஞ்சதும் தூக்கிட்டுப் போயிருதேன். துரை வாரதுக்கு முந்திப் போயிருதேன்."

இடுப்பு வாரை அவிழ்த்தேன். இலாகா வார். பித்தளை வில்லை. தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. குனிந்தான், காதில் பட்டது. காது கிழிந்து தொங்கியது. கையைத் தூக்கவில்லை அவன். "அடிங்க ஐயா. ஆத்திரம் தீர அடிச்சிட்டு, இந்த ஒரு ராத்திரி விட்டிருங்க" என்கிறான். அப்படிச் சொல்லுகிறவனை அடிப்பதில் ஒரு தொல்லை, வாத்தியாரே. கை நிற்காது. எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தலாம். சொல்லவில்லையே அவன்.

அப்போதுதான் சுவர் விழுந்தது.

தானாக. காற்று.

கடப்பாரையா? நான் எப்போது கடப்பாரை என்றேன்? சரி, இருந்தது. கொண்டுபோயிருந்தேன். ஊன்றிக்கொள்ளத்தான். அப்போதே எனக்குக் கால் வலி. ஒரு கையில் வாரும் ஒரு கையில் கடப்பாரையும் எப்படி என்கிறீரா? வாத்தியார் புத்தி. எதற்கெடுத்தாலும் கணக்கு. சுவர் விழுந்தது, அவ்வளவுதான். உப்புக் குடித்த சுவர், விழாமல் என்ன செய்யும்?

உள்பக்கமாக விழுந்தது. அவன் எழுந்து ஓடினான். முதுகெல்லாம் ரத்தம், அப்படியே உள்ளே பாய்ந்தான். அவளையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே தள்ளாக வாசலுக்கு வெளியே தள்ளினான். தள்ளிவிட்டு நிமிர்ந்தான். உத்திரம் வந்து கழுத்தில் இறங்கியது. பனங்காயைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஓடெல்லாம் சரசரவென்று அவன் மேல். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருந்தது.

அவள் பிள்ளையை மணலில் வைத்தாள். ஓட்டுச் சில்லு ஒன்றைப் பொறுக்கினாள். என்னைப் பார்த்து நடந்து வந்தாள். ஓடிக்கூட வரவில்லை. நான் நகரவில்லை. ஒரு பியூன் பெண்டாட்டி இன்ஸ்பெக்டரை அடிப்பாள் என்று எவன் நினைப்பான்? நெற்றியில் இழுத்தாள். எலும்பில் ஓடு உரசின சத்தம் என் காதுக்குக் கேட்டது. கண்ணெல்லாம் ரத்தம். எட்டி உதைத்தேன், விழுந்தாள். விழுந்தவள் என் ஆடுசதையைக் கவ்விக்கொண்டாள். கடப்பாரையின் மொட்டை முனையால் முதுகில் இடித்துத்தான் விடுவிக்க வேண்டியிருந்தது.

பாரும், அப்படிப்பட்டவள் மேல் நான் கேஸ் கொடுக்கவில்லை. சர்க்கார் அதிகாரியை வெட்டினவள். ஜெயிலுக்குள் தள்ளியிருக்கலாம். விட்டுவிட்டேன். பியூனைக் காப்பாற்றப் போனேன், ஓடு விழுந்து நெற்றி கிழிந்தது என்று எழுதினேன். துரை கையைக் குலுக்கினார். ஊழியம் மிகவும் திருப்தி என்று எழுதினார். வீடும் தகாதது ஆகிவிட்டது. ரிட்டயர் ஆகிறவரை படி நிற்கவில்லை.

அவளா? மனுப் போட்டாள். புருஷன் வேலையில் செத்தான், எனக்கு ஏதாவது கொடுங்கள் என்று. மனு என்னிடம்தான் வந்தது. வேலை நேரத்தில் சாகவில்லை, அனுமதி இல்லாமல் சர்க்கார் வீட்டில் குடியிருந்தபோது செத்தான் என்று எழுதி அனுப்பினேன். ஷரத்து அப்படி. நான் போட்ட ஷரத்தா?

இருந்தாலும் வாடகை இல்லாமல் வீடு கொடுத்தவன். ஜெயிலுக்கு அனுப்பாதவன். அந்த நன்றி இருக்காதா? வருவாள்.

அதோ, பஸ். மருமகன் இறங்குகிறான். பின்னால் வருகிறது பாரும், வெள்ளைத் தலை. அவள்தான். இந்த இடத்தை விடாதேயும். எவனாவது உட்கார வந்தால் ஞானசிகாமணி இடம் என்று சொல்லும்.

*

நகரும். முடிந்தது. ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது.

தண்ணீர் இருக்கிறதா? கொடும்.

போலீஸ்காரன் ஏன் இங்கே வந்து பக்கத்தில் உட்காருகிறான்? அங்கேதானே நின்றான். உட்காரட்டும், நமக்கென்ன.

நெற்றியிலா? ரத்தமா? இருக்கும். சொல்லுகிறேன்.

உள்ளே போனோம். கூட ஒரு பெண்ணையும் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பிள்ளைதான், மணலில் கிடந்தது. உச்சிமாகாளியை அப்படியே உரித்து வைத்த முகம். நாற்காலியில் உட்காரச் சொன்னான் பயல். முப்பிடாதி உட்காரவில்லை.

"இந்த ஐயாவத் தெரியுதாம்மா?"

காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி.

"தெரியல ஐயா" என்றாள்.

கம்பை ஊன்றி ஓர் அடி முன்னால் போய் நின்றேன்.

"நல்லாப் பாருங்க. உப்பு இன்ஸ்பெக்டரா இருந்தவர். ஞானசிகாமணி."

"அவரு கடப்பாரை தூக்குத ஆளுல்லா ஐயா. இது யாரோ கம்பூணிக் கிழவன். அவரு எப்பமோ செத்திருப்பாரு. செத்திருந்தா நல்லதுதான்."

பயல் தாளை மூடினான். பேனாவை எடுத்தான். அடையாளம் நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது, வாத்தியாரே. என் சோறு, கட்டில், எல்லாம் அந்த ஒரு வரி. மருமகன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான். எனக்குத் தலைக்கு ஏறியது. மேஜையை ஒரு குத்துக் குத்தினேன், மைக்கூடு கவிழ்ந்தது.

"ஏட்டி! நான்தாண்டி! என்னையாடி தெரியாதுங்கே? அந்தச் சுவருக்குத் தண்ணி ஊத்தச் சொன்னவன் நான். விடியட்டும்னு உன் புருசன் கால்ல விழுந்தான், வாரால அடிச்சேன், காது கிழிஞ்சு தொங்கிச்சு. நீ உள்ள காய்ச்சலோட பிள்ளையப் போட்டுக்கிட்டுக் கெடக்கேன்னு தெரிஞ்சுதாண்டி கடப்பாரைய எடுத்தேன். ஒரே குத்து! ரெண்டாவது குத்துக்கு வேலை இல்ல. வேற எவனுக்குடி தெரியும் இதெல்லாம்? இப்பச் சொல்லு, நான் யாருன்னு!"

டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அத்தனை குமாஸ்தாக்களும் எழுந்து நிற்கிறார்கள். பழைய நாள் மாதிரி.

அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா?" என்றாள். அப்புறம் என்னிடம் வந்தாள். தலைப்பாகையை எடுத்துப் போட்டாள். தேடவே இல்லை. நேரே கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். எது தழும்பு, எது சுருக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இந்தா, இதான் ஐயா" என்றாள். "இப்பத் தெரியுது. அவருதான். அவரு சொன்னதெல்லாம் சத்தியம். ஒண்ணு விடாம எழுதிக்கிடுங்க."

எழுதினான். நல்ல பயல்தான், வேகமாக எழுதுகிறான். போலீஸ்காரனையும் உள்ளே கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினான். கீழே என்னைப் போடச் சொன்னான். போட்டேன். கை நடுங்கவில்லை. பழைய தாளோடு வைத்துப் பார்த்தான். இம்மி பிசகவில்லை. அப்படியே சேர்ந்திருந்தது. அதற்கும் கோபம் வேண்டும் போலிருக்கிறது.

இனிப் பணம் கொடுக்க வேண்டியதுதானே? "வெளிய உட்காருங்க" என்கிறான். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பியிருக்கிறானாம், சப்இன்ஸ்பெக்டர் வரவேண்டுமாம். எதற்கு? அந்தச் சேவகன் மண்டைக்கா? இரண்டு தையலுக்கு இத்தனை ஏற்பாடா?

அவர்கள் போகவில்லை, பாரும். அந்த வேப்பமரத்தடியில் தாயும் மகளும். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. ஏறவில்லை. மருமகன்தான் ஏறிப் போய்விட்டான். அவளுக்கு இங்கே இன்னும் என்ன வேலை? நான் போகிறதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள் போலிருக்கிறது.

யோவ், கையை எடும்யா. நான் எங்கே ஓடப்போகிறேன், இந்தக் காலை வைத்துக்கொண்டு?

ஏன் எழுந்திருக்கிறீர் வாத்தியாரே? உம்மைக் கூப்பிடவில்லையே. உட்காரும். ஒன்று கேட்கிறேன். முன்னே உமக்கு ஷரத்தெல்லாம் சொன்னேன் இல்லையா. கடைசியாக ஒரு ஷரத்து. நல்ல ஷரத்து என்றேனே, அது.

என்ன சொன்னேன்?

சொல்லும்.